வெல்லும் வாய்ப்பு

"நமது கூடைப்பந்தாட்ட அணி இம்முறை வெல்லுமா?" மாகாணப் போட்டி நெருங்குந்தோறும் இவ்வினாவைப் பலர் என்னிடம் விடுக்கின்றனர். தமிழாசிரியர் ஒருவரிடம் கேட்கத்தக்க வினாவா இது என ஐயுறுவாரும் உளர். ஆசிரிய கலாசாலையில் யான் பயின்றவை இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தல் முறையுமேயன்றிப் பந்தாட்டம் அன்று. எனினும், அணியின் பொறுப்பாசிரியர் என்னுங் கடமை சில ஆண்டுகளாக என்மேல் உள்ளது. பயிற்றுநர் வேறொருவர். பெயர்ப்பட்டியல், பெற்றோரின் சம்மதக் கடிதம், வாகனம், உணவுப் பொதி ஆகியன என் பங்கு. களத்தின் ஓரத்தில் அமர்ந்து பார்த்துப் பார்த்து ஆட்டத்தின் போக்கை ஓரளவு அறிந்துகொண்டேன்.

மாணவர் ஆவலாற் கேட்கின்றனர். சக ஆசிரியர் சிலர், உயர்தர வகுப்புப் பிள்ளைகளைப் பாடம் விட்டு அனுப்புதல் தகுமோ என்னுங் கவலையாற் கேட்கின்றனர். பழைய மாணவரோ, "வெல்லும் வாய்ப்புண்டாயின் செலவுக்கு உதவுவோம்" என அன்போடு கூறுகின்றனர். இவர்தம் வினாவே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

வெற்றி வாய்ப்பை எடைபோடுதல் தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன. எடுத்த செயலின் கடுமை, தன் வலிமை, மாற்றானின் வலிமை, இரு பக்கத்தாரின் துணைவலிமை ஆகியவற்றை ஆராய்ந்தே இறங்கவேண்டும் என்பது அங்கே முதற்கண் வைக்கப்படும் கருத்து. அரசர்க்குச் சொன்னதாயினும் ஐவர் கொண்ட அணிக்கும் அது பொருந்தும்.

முதலிற் செயலின் கடுமையை நோக்குவோம். தோற்றவர் விலகும் முறையில் நடைபெறும் போட்டியின் கொடுமையைப் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. நம் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் பத்துக்கு எட்டு என்னும் அளவில் வெல்லத்தக்கது எனக் கொள்வோம். அது மிகச் சிறந்த அணியே. கிண்ணம் எய்த நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்லவேண்டுமாயின், அதன் வாய்ப்பு நூற்றுக்கு 41 மாத்திரமே. அதாவது, அத்தகைய அணியும் கிண்ணமின்றித் திரும்புவதே கூடுதலாக எதிர்பார்க்கத்தக்கது! கணித ஆசிரியரிடங் காட்டிச் சரிபார்த்த பின்னரே இதனை எழுதுகின்றேன்.

ரொறன்ரோவில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்டப் போட்டியைப் பற்றி ஆண்டுதோறும் எனக்கு எழுதுவார். இவ்வாட்டம் பிறந்ததும் அந்நாட்டிலேயே. 1891 ஆம் ஆண்டு டிசெம்பரில், ஸ்பிரிங்பீல்ட் நகரிலிருந்த பயிற்சிக் கல்லூரியொன்றில், குளிர்காலத்தில் மாணவரை அடக்கிவைக்க வழி தேடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை மாட்டி இதனை ஆக்கினார். (வகுப்பை அடக்க வழி தேடி உலகுக்கு ஒரு விளையாட்டையே அளித்த ஆசிரியரைப் போற்றாதார் யார்?) அங்கே பருவகால ஆட்டங்கள் முடிந்தபின், மார்ச்சு மாதத்தில் தேசியப் போட்டி தொடங்கும். 1985 இல் 64 அணிகளாக்கப்பட்டு, 2011 இல் 68 ஆக உயர்த்தப்பட்டது. எவ்வணி எத்தரத்தது, எங்கே எவரைச் சந்திக்கும் என்பதை ஒரு குழு தீர்மானிக்கும். கிண்ணத்துக்கு ஆறு வெற்றிகள் வேண்டும். மேற்கூறிய பத்துக்கு எட்டு அணி ஆங்கு இறங்கினால், வாய்ப்பு ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குன்றும்.

2018 ஆம் ஆண்டு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக அணி 31 ஆட்டங்களை வென்று, இரண்டில் மாத்திரம் தோற்று, முதற்றர அணியாகப் போட்டியிற் புகுந்தது. அதனை எதிர்த்தது, மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்ற்றிமோர் கவுண்டிப் பிரிவு. அது பதினாறாந்தரம், கடைசித் தரம். அதுவரை ஆடவர் போட்டியில் முதற்றர அணிகள் பதினாறாந்தர அணிகளை 135 முறை சந்தித்து 135 முறையும் வென்றிருந்தன. இடைவேளையில் இரு அணிகளும் 21 புள்ளிகளோடு சமமாக நின்றன. முடிவில் 74க்கு 54 எனச் சிறிய அணி வென்றது. 2023 இலும் பெயார்லி டிக்கின்சன் என்னும் சிறு பல்கலைக்கழகம், 7 அடி 4 அங்குல உயரமுடைய சாக் ஈடியைக் கொண்ட பேர்டியூ அணியை 63க்கு 58 என வீழ்த்தியது. தோற்ற வேர்ஜீனியாவின் கதை அதனோடு முடிந்ததா? இல்லை. அடுத்த ஆண்டே, 2019 இல், அது அகில அமெரிக்கக் கிண்ணத்தை வென்றது. 2018 இற் பெற்ற தோல்வியைக் கண்டு அவ்வணிக்கு உதவுவோர் கையை மடக்கியிருப்பின் என்னாகியிருக்கும்?

நிற்க, நம் வலிமைக்கு வருவோம். நம் பிள்ளைகள் ஓடுவதில் எவர்க்கும் இளைத்தவரல்லர். உயரம் குறைவு. உயரத்தை மாத்திரம் நம்புதலும் பிழையே. ஈவினையிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் ஏறத்தாழ 208 சென்ரிமீற்றர் உயரமுடையவர். 2018 இல் சிங்கப்பூரில் நடைபெற்ற ஆசிய வலைப்பந்தாட்டப் போட்டியில், அவரைக் கொண்ட இலங்கை அணி, இறுதியாட்டத்திற் சிங்கப்பூரை 69க்கு 50 என வென்று, ஒன்பது ஆண்டுகளின் பின் கிண்ணத்தை மீட்டது. உயர்ந்து நிற்பவரின் கையில் நடுக்களத்திலிருந்து பந்தைக் கொண்டு சேர்ப்பார் இல்லையேல் உயரத்தாற் பயனென்ன?

இடத்தைப் பற்றி எழுதவேண்டியது அதிகம். நம் களம் திறந்த வெளி. வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும். புழுதி கண்ணை மறைக்கும். உயர எறிந்த பந்து காற்றிற் சாயும் என அஞ்சி, நம் பிள்ளைகள் பந்தைத் தாழ்வாக, விசையோடு எறியப் பழகிவிடுகின்றனர். இங்கே அது நல்ல தந்திரம். கொழும்பின் உள்ளரங்கிற் காற்றில்லை. பலகைத் தளத்திற் பந்து வேறு விதமாய் எழும்பும். தாழ்ந்து சென்ற பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதி மீளும். முதல் இருபது நிமிடம் இதனை உணர்வதிலேயே கழிந்துவிடும்; அதற்குள் எதிரணி பத்துப் புள்ளி முன்சென்றுவிடும். இது திறமைக் குறைவன்று, பழக்கமின்மை. இரண்டு நாள் முன்னதாகச் சென்று அத்தகைய தளத்தில் ஆடினாற் பெரும்பாலும் தீரும்.

காலமும் நம் பக்கத்திற் சாய்வதில்லை. சிறுபோக அறுவடைக் காலத்தில் இரணைமடுவின் கீழுள்ள வயல்களில் வீட்டுக்கு ஒரு கை வேண்டும். பயிற்சிக்கு வராத பையனை யான் கடிந்ததில்லை.

துணைவலியே நம்மிடம் மிகக் குறைந்தது. யாழ்ப்பாணத்து மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டு தொடக்கம் துடுப்பாட்டத்தில் மோதிவருகின்றன. அங்கே மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது குருகுல வழக்கம்போல் வந்துகொண்டிருக்கின்றது. நம் வன்னியில் அச்சங்கிலி எத்தனை முறை அறுந்தது! 1996 இற் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. மரநிழல்களிற் பாடசாலைகள் நடந்தன. 2008 இன் இறுதியிலும் 2009 இலும் மறுபடியும் எல்லாம் குலைந்தன. செட்டிகுளத்து முகாம் 2012 செப்ரெம்பரிலேதான் மூடப்பட்டது. பந்து எறியக் கற்றுத்தரவேண்டிய அண்ணன்மாரில் ஒருசாரார் கடல் கடந்தனர். ஒருசாரார் இன்று நம்மிடையே இல்லை. இப்போதுள்ள மாணவர், தமக்கு முன் ஆடியவர் எவரையுங் காணாது, கைத்தொலைபேசியிற் பார்த்துப் பழகியவர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பருவத்தில் ஆடும் ஆட்டங்களை நம்மவர் மூன்று பருவங்களிலும் ஆடுவதில்லை.

பழைய மாணவ அன்பர்கள் இவ்விடத்தைச் சிறிது ஊன்றி நோக்கவேண்டுகின்றேன். இன்றைய நிலையில், நம் அணிக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் வெற்றி தோல்வி சரிபாதி என யான் மதிப்பிடுகின்றேன். நான்கு ஆட்டங்களுக்கு அது பதினாறில் ஒன்று. இதனைக் கேட்டு உதவி மறுப்பது எளிது. ஆயினும், போட்டிக்கு முன் ஆறேழு நல்ல ஆட்டங்கள் ஆடக் கிடைத்து, ஐம்பது அறுபதாயின், கிண்ண வாய்ப்பு நூற்றுக்கு ஆறிலிருந்து பதின்மூன்றாகும்; இருமடங்கு. வாகனக் கூலியும் இரண்டு பந்தும் செய்யக்கூடிய வேலை இது. வாய்ப்பைக் காட்டினாற் பொருள் தருவோம் என்பது, விளைந்தபின் விதைநெல் தருவோம் என்பது போலாகும் என்றால் அன்பர்கள் சினவார்கள் என நம்புகிறேனல்லேன்.

ஆதலின் வினாவுக்கு என் விடை இது: முதலாட்டத்தை வெல்வோம் என்றே எண்ணுகின்றேன். இரண்டாவது, எதிர்வரும் அணியைப் பொறுத்தது. உயர்ந்த அணியாயின் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து, பந்தை நீண்டநேரம் நம் கையில் வைத்திருக்கவேண்டும். ஆட்டம் சுருங்கச் சுருங்க எளியவனுக்கு இடமுண்டு. மூன்றாவதைப் பற்றி இப்போது சொல்வதற்கில்லை. பயிற்சி ஆட்டங்களுக்காக வவுனியாவிலும் முல்லைத்தீவிலுமுள்ள பாடசாலைகளுக்கு எழுதியுள்ளேன். ஒன்று வரச் சொல்லியிருக்கின்றது. அடுத்த சனிக்கிழமைக்கு வாகனம் பேசவேண்டும்.