தீர்மான எண் எங்கே?

கடையை எடுக்கச் சொல்லி நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது என்று யாராவது எங்கள் சாலையோர வியாபாரிகள் சங்கத்துக்கு வந்தால், நான் முதலில் தேடுவது தீர்மான எண்ணையும் தேதியையும்தான். பெரும்பாலும் ‘மன்றத் தீர்மானத்தின்படி’ என்று மட்டும் இருக்கும். எந்தத் தீர்மானம், எந்தச் சட்டப்பிரிவு என்பது இருக்காது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்போம். கூடவே இரண்டு கேள்விகள்: சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்ததா? நகர விற்பனைக் குழு கடைசியாக என்றைக்குக் கூடியது?

அந்தப் பதிலுக்கு 30 நாள் ஆகலாம். நோட்டீஸோ ஏழு நாளில் காலி செய்யச் சொல்லும். அதனால் ஆட்சேபணைக் கடிதம் அன்றைக்கே போய்விட வேண்டும், தபால் பிரிவில் முத்திரை வாங்கிக்கொண்டு. அகற்றுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் 18-ஆம் பிரிவில் சொல்கிறது. ஏழு நாள் கெடு அங்கேயே அடிபடுகிறது.

அந்தச் சட்டத்தில் நான் அதிகம் புரட்டிய பக்கம் முதல் அட்டவணை. கணக்கெடுப்பு முடிந்து திட்டம் வகுக்கப்படும்வரை எந்த இடத்தையும் வியாபாரம் கூடாத பகுதியாக அறிவிக்க முடியாது. கூட்டம் அதிகம் என்பதை அதற்குக் காரணமாகக் காட்டவும் முடியாது. நகர்மன்றத் தீர்மானங்களோ ‘போக்குவரத்து நெரிசல் கருதி’ என்றுதான் தொடங்குகின்றன. நகராட்சி துணைவிதி செய்யலாம், ஆனால் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான். வேறு சட்டம் முரண்பட்டால் இதுவே மேலோங்கும் என்கிறது 33-ஆம் பிரிவு. உறுப்பினர்கள் அத்தனை பேரும் கைதூக்கி நிறைவேற்றியிருந்தாலும், நாடாளுமன்றம் மூடிய கதவை நகர்மன்றம் திறக்க முடியாது.

“சட்டம் இருக்குன்னா அது அவங்களுக்குத் தெரியாதா தம்பி?” என்று பூ விற்கும் அக்கா ஒருவர் கேட்டார். தெரிந்திருக்கலாம். எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டால், தெரியாது என்று பிறகு சொல்ல வழியில்லை.

மனு எழுத வருகிறவர்கள் வறுமையில் தொடங்குவார்கள்: வட்டிக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கணவரின் நோய். எல்லாம் உண்மை; கேட்கும்போது எனக்கும் நெஞ்சு அடைக்கும். ஆனாலும் அவற்றை முதல் பத்தியில் வைக்க மாட்டேன். மன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, தயவாக விட்டுவிடுங்கள் என்பதுபோல் ஆகிவிடும். அதிகாரமே இல்லை என்பதுதான் நம் வாதம். அது முதலில் நிற்கட்டும். குடும்பக் கஷ்டம் இடைக்காலத் தடை கேட்கும் இடத்தில் வரட்டும். அங்கே அது நியாயமாகவே எடுபடும்.

சான்றுகளில் தினசரிச் சுங்கச் சீட்டுக்கு இணையாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். குத்தகைதாரர் காலையில் கிழித்துக் கொடுக்கும் அந்தத் துண்டுக் காகிதம், நகராட்சியே அந்தக் கடையிடம் பணம் வாங்கியது என்பதற்கு அத்தாட்சி. பலர் அதை வாங்குவதே இல்லை, வாங்கினாலும் அங்கேயே போட்டுவிடுகிறார்கள். தேதிவாரியாகக் கட்டி வையுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கெஞ்சுகிறேன்.

நிலம் யாருடையது என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். ரயில்வே நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஸ்டேஷன் வாசலில் ஒரே வரிசையில் இருக்கும் கடைகளில் பாதிக்கு ஒரு வாதமும் மீதிக்கு வேறு வாதமும் தேவைப்படலாம். ஒரே மனுவில் சேர்த்தால் எல்லோருக்கும் கேடு.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுவேன். தெருவில் வியாபாரம் செய்வது அடிப்படை உரிமை என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இன்ன இடத்தில்தான் கடை வேண்டும் என்ற உரிமையைத் தரவில்லை. நடப்பவருக்கு வழி விடுவது நம் கடமை. மனுவுடன் வைக்கும் வரைபடத்தில் நடைபாதையில் எத்தனை அடி விட்டிருக்கிறோம் என்று நாமே குறித்துவிட்டால் எதிர்த்தரப்பின் பாதி வாதம் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு தேவைப்பட்டால்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நோட்டீஸ் ரத்தானதும் பலர் வேலை முடிந்தது என்று கலைந்துவிடுகிறார்கள். எனக்குக் கவலை தொடங்குவது அப்போதுதான். கணக்கெடுப்பு நடந்து, பெயர் சேர்ந்து, விற்பனைச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமலும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். அந்தப் பிரதிநிதிகளுக்கான தேர்தலை நடத்தச் சொல்லி அடுத்த மனுவை அதே வாரத்தில் எழுத உட்காருகிறோம்.