ஆலங்குளத்தில் பெய்த பனி

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாளாகியும் வீடு முழுக்கத் தெர்மாகோல். அக்கா மகன் பள்ளிக்கூடத்துக்குக் குடில் செய்கிறேன் என்று ஓர் அட்டையைக் கேரட் துருவியில் துருவி வைத்திருந்தான். வாரியலால் கூட்டினால் வாரியலில் ஒட்டுகிறது, தட்டினால் கையில் ஒட்டுகிறது. கூட்டக் கூட்ட மின்னேற்றம் கூடி இன்னும் நன்றாக ஒட்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்:

“எய்யா, ஒங்க தாத்தா இருக்கையில இந்தத் தொந்தரவு உண்டா? பஞ்சுதான பனி. ஆலங்குளத்துல மொதமொத பனி பெஞ்சதே நம்ம கடைப் பஞ்சுலதான்.”

தாத்தா இலவம்பஞ்சு மெத்தை தைத்தவர். இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தாத்தா கொடுத்த பஞ்சின் எடை கொஞ்சம் கூடியிருக்கும். இந்த முறை ஒரு மூட்டை. உண்மையா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

விசாரித்ததில் எல்லோரும் கைகாட்டியது ஒரே ஆளை. நல்லூர்ப் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். எண்பதைத் தாண்டியவர். ஊருக்கே குடில் கட்டிக் கொடுத்தவர். போய் நின்றேன்.

“ஆறாந் தேதி மூணு ராஜாக்கள் திருநா. அதுக்கு மறுநா வா. இப்ப பேச நேரமில்ல” என்றார். அவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் தேதி போனேன். கேள்வியைத் தொடங்கும் முன் கையில் ஒரு தலையணை உறையைக் கொடுத்து, சவுக்குக் கிளையில் இருந்த பஞ்சை எடுக்கச் சொன்னார். நான் கீழ்க்கிளையில் கை வைத்தேன். “மேல இருந்து வா. கீழ எடுத்துட்டு மேல எடுத்தா சருகெல்லாம் எடுத்த எடத்துலயே விழும்.” பிய்க்கக் கூடாது, உருவக் கூடாது, ஒட்டடை எடுப்பதுபோல் விரலில் சுற்ற வேண்டும். தண்ணீர் தெளிக்கக் கூடவே கூடாது. மூன்று மணி நேரம். இடையில் இரண்டு முறை கேட்டேன். “வேலையைப் பாரு.”

பேரப்பிள்ளைகள் ஒரு வருடம் நுரை ஸ்ப்ரே வாங்கி அடித்ததில் சூசையப்பர் தாடியில் பெயின்ட் உரிந்துபோனதைக் காட்டினார். இன்னொரு வருடம் தண்ணீர் ஊற்றினால் பொங்கும் பொடி. குழந்தைகளின் டயப்பருக்குள் இருக்கும் அதே சரக்குதான், சோடியம் பாலிஅக்ரிலேட். கழுவக் கழுவக் கூழாகப் பெருகியதாம். கடைசியில் உப்பைத் தூவியதும் நீர்விட்டு அடங்கியிருக்கிறது. “உப்புக்குப் பயந்த பனி” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் தாத்தா கதையை நுழைத்தேன். வாத்தியார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் இரண்டு கிண்ணத்தில் தண்ணீரும், பழைய தலையணையிலிருந்து ஒரு துளி இலவம்பஞ்சும் கொண்டுவந்தார். அதை ஒரு கிண்ணத்தில் போட்டார். மிதந்தது. அமுக்கினாலும் மேலே வந்தது. அதன்மேல் இயற்கையாகவே மெழுகு உண்டு. அந்தக் காலத்தில் உயிர்காப்பு அங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். கிளையில் எடுத்த பஞ்சை மற்றதில் போட்டார். நொடியில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கீழே போனது.

“ஒங்க தாத்தா பஞ்சு ஒரு காத்துக்கு நிக்காது. மூக்குலதான் ஏறும். இது ஆஸ்பத்திரிப் பஞ்சு. ஏடு ஏடாப் பிரியும், கிளையில உக்காரும்.”

தாத்தா மூழ்கிவிட்டார். எனக்கு வருத்தத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. பனியே பார்க்காத ஊரில் பஞ்சைப் பனியாக்கியது யார்? வெள்ளைக்காரர்கள்தானே என்றேன். அவர்களும் பஞ்சு வைத்தவர்கள்தான். தீப்பிடிக்கிறது என்று பயந்து ஆஸ்பெஸ்டாஸ் தூளைத் தூவி, பிள்ளைகளின் நுரையீரலுக்கு ஆபத்தை வாங்கினார்கள். ஹாலிவுட்டில் வெள்ளையடித்த கார்ன் ஃப்ளேக்ஸ். நடந்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனம் கேட்காது. 1946ல் ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ படத்துக்குத் தீயணைப்பு நுரையில் சோப்பைக் கலந்து அடித்துத் தப்பித்தார்கள். இதையெல்லாம் நான் ஒப்பிக்க, வாத்தியார் வேதப்புத்தகத்தை எடுத்து நீட்டினார். சங்கீதம் 147, வசனம் 16.

தமிழ்நாட்டில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பது. அதனால் வானத்திலிருந்து விழும் அந்த வெள்ளைப் பொருளுக்கு மொழிபெயர்த்தவர்கள் ‘உறைந்த மழை’ என்று பெயர் வைத்தார்கள். அதற்கு உவமை, பஞ்சு. எபிரேய மூலத்தில் இருப்பது ஆட்டு ரோமம். கம்பளி ரோமம் இல்லாத நம் ஆடுகளை மேய்க்கிறவனுக்கு அது என்ன சொல்லிவிடும்? கரிசலில் வெடித்து நிற்கும் பருத்தி சொல்லும். ஏசாயா முதல் அதிகாரத்திலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது. ஹென்றி பவர் தலைமையில் நடந்து 1871ல் வெளிவந்த இந்த வேதாகமத் திருத்தம் இன்றும் வாசிக்கப்படுகிறது. ஞாயிறுதோறும் காதில் விழுந்த உவமையை யாரோ ஒருவர் கிளையில் எடுத்து வைத்திருக்கிறார் என்பது வாத்தியார் கட்சி. பாதி நம்பினேன். உவமை பஞ்சைச் சொல்லும், ஆஸ்பத்திரியைச் சொல்லாதே?

“அதான் நீ வானத்தைப் பாக்கல” என்றார்.

குடிலின் பின்னால் ஒட்டியிருந்த நீல வானத்தைக் கிழியாமல் உரித்துத் திருப்பினார். பஞ்சு உருளை சுற்றிவந்த நீலக் காகிதம். மருந்துக்கடைக்காரர் போட்ட விலை பென்சிலில் மங்கலாக இருந்தது. பனி வந்த கட்டிலேயே வானமும் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அசரவில்லை. “பனி அவுகளுதா இருக்கட்டும். பிள்ளை படுத்திருக்க மெத்தை யாரு தச்சதாம்? போயிப் பாரு.”

மறுநாள் போனேன். பெட்டியில் குழந்தை இயேசு சுரூபத்தின் அடியில், உள்ளங்கை அகலத்தில், கோடுபோட்ட மெத்தைத் துணியில் தைத்த ஒன்று இருந்தது. அமுக்கினேன், மெத்தென்று எழும்பியது. ஓரத் தையலைப் பிரித்துப் பார்க்க வாத்தியார் விடவில்லை.