ஒப்புக்குச் சப்பாணி

மகன் வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகிறது. சிகாகோவின் மேற்குப் புறநகர். காலையில் நடக்கப் போனால் பேச்சுத் துணைக்கு அணிலும் வாத்தும்தான் என்று முன்பொரு பதிவில் புலம்பியிருந்தேன். இப்போது அந்தக் குறை தீர்ந்தது. செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பது மணிக்குப் பக்கத்துப் பூங்காவில் கிழவர்கள் கூடி சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். நான் மடக்கு நாற்காலியோடு போய் உட்கார்ந்துவிடுகிறேன். கிழவர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று கேட்காதீர்கள். எனக்கு அறுபத்தாறு. அங்கே ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் தம்பி.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலின் தங்கை. பந்து கொஞ்சம் பெரியது, சுற்றளவு 12 அங்குலம். பந்தைக் கையைக் கீழே வைத்துத்தான் வீச வேண்டும். வயதானவர்கள் ஆடும் வகையில் பந்து வில்லாக வளைந்து, சாவகாசமாக மேலே போய் இறங்கும். இது பிறந்ததும் இதே சிகாகோவில்தான். 1887-இல் நன்றி நவிலும் நாளன்று, ஹார்வர்டு–யேல் கால்பந்தாட்டத்தின் முடிவைத் தெரிந்துகொள்ள ஒரு படகு கிளப்பில் கூடியிருந்தார்கள். ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் அதைக் கோலால் அடிக்க, ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையையே இறுக்கிக் கட்டிப் பந்தாக்கி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். விளையாட்டாகப் பிறந்த விளையாட்டு!

முதல் நாளே ஒருவர் கண்ணில் பட்டார். எழுபது வயதிருக்கும். அரைக்கால் சட்டை. இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். மட்டையோடு நின்றார். அவருக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, இன்னொருவர் ஓடத் தயாராகக் குனிந்து நின்றார். இவர் அடித்ததும் அவர் ஓடினார்.

"அட, பை-ரன்னர்!" என்று தமிழில் கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

போகப் போகத்தான் மற்றதெல்லாம் புரிந்தது. முதல் பேஸில் இரண்டு தட்டுகள், வெள்ளை ஒன்று, ஆரஞ்சு ஒன்று. தடுப்பவர் வெள்ளையை மிதிக்க வேண்டும், ஓடி வருபவர் ஆரஞ்சை. மோதல் கிடையாது. கடைசியில் ஹோம் பிளேட் பக்கமும் அப்படியே: கேட்சருக்கு ஒன்று, ஓடி வருபவருக்குத் தள்ளி இன்னொன்று. அதற்கு முன்னால் ஒரு கோடு. அதைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. கேட்சர் பந்தோடு தன் தட்டை மிதித்தால் போதும், ஆளைத் தொட வேண்டியதில்லை. இதெல்லாம் ஊனமுற்றவர்களுக்கென்று யோசித்ததல்ல. எலும்பு உடையக்கூடிய வயதில் இருக்கிற எல்லோருக்கும்.

இன்னொருவருக்கு வலது கையில் மணிக்கட்டோடு சரி. இடது கையுறையில் பந்தைப் பிடித்து, கையுறையை அக்குளில் இடுக்கி, கையை உருவி, பந்தை எடுத்து எறிந்துவிடுகிறார். கண் இமைக்கும் நேரம். ஜிம் அபாட்டைப் பார்த்து யாராவது கற்றிருப்பார்களோ என்னவோ. பிறவியிலேயே வலது கை இல்லாதவர் அபாட். 1993 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் யாங்கீஸுக்காகப் பந்து வீசி, கிளீவ்லாந்து அணிக்கு ஒரு 'ஹிட்' கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தவர்.

போன மாதம் ஒரு சண்டை. செயற்கைக் கால்காரர் அடிக்க வந்தார். இவர்கள் வழக்கப்படி, அந்த அணியில் கடைசியாக அவுட் ஆனவர்தான் அவருக்காக ஓட வேண்டும். அன்று அப்படி அவுட் ஆனவர் தொப்பைக்காரர். அவரை உட்கார வைத்துவிட்டு, ஒல்லியான, வேகமான ஒருவரை அனுப்பினார்கள். எதிரணித் தலைவர் கையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கோ மனது கேட்கவில்லை. காலில்லாத மனிதருக்காக ஒருவர் ஓடுகிறார், இதற்குப் போய் ஒரு தகராறா?

செயற்கைக் கால்காரர் எதிரணித் தலைவர் பக்கம் சேர்ந்துகொண்டார். "அவர் சொல்வதுதான் சரி. அந்தக் குண்டனை வரச்சொல்" என்றார். குண்டர் வந்தார். பந்து நன்றாகத்தான் போனது. குண்டர் பாதி வழியில் மூச்சு வாங்க, அவுட். செயற்கைக் கால்காரர் அவரை வைத வசவை இங்கே எழுத முடியாது. ஃபிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி ஓடுகிறாய் என்பது அதில் மிக நாகரிகமான பகுதி.

ஆட்டம் முடிந்ததும் மெதுவாகக் கேட்டேன், விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று. அவர் செயற்கைக் காலைக் கழற்றி, உறையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "இன்றைக்கு என் அவுட்டை விட்டுக்கொடுத்தால், நாளைக்கு என் ரன்னையும் எண்ண மாட்டார்கள்."

வீட்டுக்கு நடந்து வரும்போது மாயவரம் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பையன். பெயர் வேண்டாம், அவன் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவன். இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு நடப்பான். சுவரில் கரிக்கோடு கிழித்து நாங்கள் ஆடிய கிரிக்கெட்டில் அவன் எப்போதும் ஒப்புக்குச் சப்பாணி. தம்பி தங்கைகள் அழுதால் சேர்த்துக்கொள்வோமே, அந்த இடம். கடைசியில் மட்டை கிடைக்கும். போல்டு ஆனால் "பரவாயில்லை, இன்னொண்ணு போடு" என்போம். அவன் அடித்ததும் கணக்கில்லை. குட்டிப் பிள்ளைகளுக்கு அது ஒரு சொல், வளர்ந்தால் உதிர்ந்துவிடும். அவனை அப்படிக் கூப்பிட்டபோது அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் ஒருவரும் யோசித்ததில்லை.

பை-ரன்னர் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பையன் ஒருமுறை சொன்னான். மட்டை என்னுடையது, ஆகவே தலைவன் நான். ஆள் குறையும் என்று மறுத்துவிட்டேன். அது பொய். நின்ற இடத்திலிருந்தே அவன் என்னைவிட நன்றாக அடிப்பான். ஓட ஆளும் கிடைத்துவிட்டால் நான் என்ன ஆவது?

1971 ஆகஸ்ட் 23. ஓவல் மைதானத்தில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101-இல் சுருட்டினார். போலியோவில் மெலிந்துபோன அந்த வலது கையால்தான் பந்து போட்டார். ஃபீல்டிங்கில் பந்தை எறிவது இடது கையால். எதிர்வீட்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் குதித்த குதியில் அந்த வீட்டுப் பாட்டி விரட்டிவிட்டார்.

மறுநாள் அவன் வந்து, "சந்திரசேகருக்குக் கை, எனக்குக் கால். நான் பந்து போடறேன்" என்றான். சிரித்துக்கொண்டே கொடுத்தோம். மட்டை பிடித்திருந்தது நான். நின்றபடியே போட்டான். பந்து குத்தித் திரும்பி, என் மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து, கரிக்கோட்டில் பட்டது. எல்லோரும் கத்தினார்கள்.

"ஒப்புக்குச் சப்பாணி போட்டது, கணக்குல சேராது" என்றேன். மட்டையை விடவில்லை.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் வரவில்லை. பிறகு நோட்டும் பென்சிலும் எடுத்து வந்து திண்ணையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினான். பள்ளி முடியும்வரை அவன்தான் எங்கள் ஸ்கோரர். மறுபடி பந்தையோ மட்டையையோ கேட்கவே இல்லை.

சர்வதேச ஆட்டங்களில் 2011-லிருந்து பை-ரன்னர் கிடையாது. தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எடுத்துவிட்டார்கள். எம்.சி.சி. விதிப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது: ஓடுபவரும் கால்காப்பு கட்டித்தான் ஓட வேண்டும், கூடியவரை ஏற்கெனவே ஆடி முடித்தவராக இருக்க வேண்டும். சலுகை சமமாக இருக்கட்டும் என்ற கவனம் அதில் தெரிகிறது. கோல்ஃபில் இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கால் நோயால் அவதிப்பட்ட கேசி மார்ட்டின், குழிக்குக் குழி நடப்பதற்குப் பதிலாகச் சிறு வண்டியில் போக அனுமதி கேட்டார். கோல்ஃபின் சாரம் பந்தை அடிப்பதில் இருக்கிறதே தவிர, நடப்பதில் இல்லை என்று 2001-இல் ஏழு நீதிபதிகள் அவர் பக்கம் நின்றார்கள். இரண்டு பேர் மறுத்தார்கள். மாயவரத்தில் மட்டைக்குச் சொந்தக்காரன் ஒரே நீதிபதி. மேல்முறையீடும் கிடையாது.

சென்ற ஞாயிறு அவனை ஃபோனில் கூப்பிட்டேன். கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்று அங்கேயே இருக்கிறான். சாஃப்ட்பால் கதையைச் சொன்னேன். குண்டர் ஓடியதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு நான் கொஞ்சம் தயங்கி, "டேய், அந்த ஓவல் மேட்ச்சுக்கு மறுநாள்..." என்று ஆரம்பித்தேன்.

"மிடில் ஸ்டம்ப்" என்றான் உடனே.

"ஆமாம்டா. அவுட்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நோட்டுல எழுதி வச்சிருக்கேன்" என்றான். "அன்னிக்கு ராத்திரியே எழுதிட்டேன். உன் பேருக்கு நேரா பூஜ்யம்."

பிறகு, நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டுமே, அதற்குள் ஊருக்கு வந்துவிடுவாயா இல்லையா என்று கேட்டான்.