மொராக்கோ: ஏழு ஊர், ஒரு பஸ், ஒரு கணக்கு

மொராக்கோ போய்விட்டு வந்ததிலிருந்து நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "ஒட்டகத்துல ஏறினியா?" ஏறினேன். பத்து நிமிஷத்தில் இடுப்பு போச்சு. மேற்கொண்டு ஒட்டகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது வேறு. இந்த மாதிரி பேக்கேஜ் டூரில் நம்முடைய நேரம் எங்கே போகிறது என்ற கணக்கு. (பி.காம். படிக்கிறவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பீர்கள்?)

முதலில் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் முப்பது வருஷத்துக்கு மேல் சரித்திர டீச்சர். இப்போது ரிட்டயர்ட். இரண்டு முட்டியும் தேய்ந்து, ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் இபன் பதூதாவின் நாட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று சேமிப்பில் கை வைத்துவிட்டார். துணைக்கு நான்.

ஏன் இபன் பதூதா? 1304-இல் மொராக்கோவின் டாஞ்சியரில் பிறந்தவர். 1325-இல் வீட்டை விட்டுக் கிளம்பியபோது வயது 21. என் வயசு! சுற்றாத நாடில்லை. 1340-களில் மதுரைக்கும் வந்திருக்கிறார். ஊரே கொள்ளைநோயில் கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் ஃபெஸ் நகரத்துக்குத் திரும்பியபோது, அங்கே ஆண்ட சுல்தான் அபூ இனான் "பார்த்ததை எல்லாம் சொல், எழுதி வைக்கலாம்" என்று உத்தரவிட, இவர் சொல்லச் சொல்ல இபன் ஜுஸய் என்பவர் எழுதினார். 1355-இல் நூல் முடிந்தது. பெரியம்மா வருஷா வருஷம் வகுப்பில் சொன்ன கதை இது.

எங்கள் டூரில் ஏழு ஊர்: காசாபிளாங்கா, ரபாத், ஷெஃப்ஷாவென், ஃபெஸ், மெர்ஸூகா, வர்ஸாஸாத், மராக்கெஷ். டாஞ்சியர் பட்டியலிலேயே இல்லை. அதனால் பெரியம்மாவுக்கு ஃபெஸ் ஒன்றுதான் நம்பிக்கை.

காசாபிளாங்காவில் இரண்டாம் ஹசன் மசூதி. 1993-இல் கட்டி முடித்தது, பாதி கடல் மேல் நிற்கிறது, கோபுரம் 200 மீட்டருக்கும் மேல். கழுத்து வலித்ததுதான் மிச்சம். ரபாத்தில் ஊர்ப் பலகைகளில் அரபி, பிரெஞ்சு தவிர வட்டமும் கோடுமாக மூன்றாவதாக ஒரு எழுத்து. அது டிஃபினாக். அந்த மண்ணின் அமாஸிக் மொழிக்கு 2011 அரசியல் சாசனத்தில்தான் ஆட்சிமொழி அந்தஸ்து கிடைத்ததாம். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் தனியாக விளக்க வேண்டியதில்லை :) ஷெஃப்ஷாவென் முழுக்க நீலம். எல்லோரும் போட்டோ எடுத்தோம்.

அடுத்தது ஃபெஸ். பழைய நகரத்துக்குள் கார் போகாது. கழுதைதான் லாரி. "பாலக், பாலக்" என்று சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே நுழைந்ததும் பூ இனானியா மதரஸா. இபன் பதூதாவைக் கதை சொல்ல வைத்தாரே அதே சுல்தான், அதே வருஷங்களில் கட்டியது. பெரியம்மா முற்றத்தில் கால் வைத்து மூச்சு வாங்குவதற்குள் கைடு கை தட்டிவிட்டார். இருபது நிமிஷம் முடிந்தது!

அன்று ராத்திரி பெரியம்மா நோட்டில் எழுதி வைத்த கணக்கை அப்படியே தருகிறேன்:

பீங்கான் பட்டறையும் கடையும்: 50 நிமிஷம்
பூ இனானியா: 20 நிமிஷம்
859-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கரவிய்யீன் (வாசலில் இருந்து மட்டும், முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது): 10 நிமிஷம்
தோல் பதனிடும் இடமும் கடையும்: 70 நிமிஷம்
கம்பளக் கடை: 75 நிமிஷம்

தோல் பதனிடும் இடம் பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டிகளில் தோலை ஊறப் போட்டு, பிறகு சாயத் தொட்டியில் இறங்கிக் காலால் மிதிக்கிறார்கள். நாற்றம் தாங்க ஆளுக்கொரு புதினாக் கொத்து கொடுத்தார்கள். பார்க்கக் காசு இல்லை. ஆனால் அந்தக் காட்சி தெரிவது தோல் கடைகளின் மாடியிலிருந்து. மாடிப்படி கடைக்குள்தான் இருக்கிறது. புரிகிறதா?

கம்பளக் கடையில் புதினா டீ வந்தது. ஒவ்வொரு கம்பளமாக உருட்டி விரித்தார்கள். பெரியம்மா கைடைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நாங்க ரெண்டு பேரும் வாங்கப் போறதில்லை. இந்த நேரத்தை எங்களுக்குக் கொடுத்துடுங்க. நான் மறுபடி இங்கே வர மாட்டேன்."

கைடு ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு குழுவின் கடைசியில் ஆள் தொலையாமல் பார்த்துக்கொண்டு வந்த பையனை எங்களோடு அனுப்பினார். மேட்டுப் பாதை. மூன்று இடத்தில் பெரியம்மா உட்கார்ந்து எழுந்தார். மறுபடி டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். பளிங்குத் தரை, சுவரில் சின்னச் சின்ன ஓடுகளின் கோலம், அதற்கு மேலே சுதைச் செதுக்கல், அதற்கும் மேலே தேவதாரு மரம். முப்பத்தைந்து நிமிஷம் பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது, "நம்ம ஊரு கஷ்டத்தைப் பார்த்துட்டுப் போனவர், இந்த ஊர்ல உட்கார்ந்துதாண்டா அதைச் சொல்லியிருக்கார்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மெர்ஸூகாவுக்கு நாள் முழுக்க பஸ். கைடு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெரியம்மாவை மரியாதையாக 'லல்லா' என்றுதான் கூப்பிடுவார். நேற்று ஏன் தயங்கினார் என்று அவரே சொன்னார். கடையில் விற்பனை நடந்தால் அவருக்குப் பங்கு. கம்பெனி தரும் தினக்கூலியில் மட்டும் குடும்பம் ஓடாது. 2020 மார்ச்சில் எல்லையை மூடினார்கள். நடுவில் திறந்து மறுபடி மூடி, 2022 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். தலைநிமிர்வதற்குள் 2023 செப்டம்பர் 8 நிலநடுக்கம். மராக்கெஷுக்குத் தெற்கே மலைக் கிராமங்கள் சரிந்தன. கிட்டத்தட்ட 3,000 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சில மாதம் அவருக்கு வேலையே இல்லையாம்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் குறுக்கு மானியம் என்று படித்தோமே, அதுதான் இது. நாம் மூன்று கம்பெனியில் விலை கேட்டு, இருப்பதிலேயே மலிவானதை எடுக்கிறோம். அந்தக் கம்பெனி கைடின் கூலியில் குறைக்கிறது. கைடு அதைக் கம்பளக் கடையில் ஈடு கட்டுகிறார். கடைக்காரர் கம்பளத்தின் விலையில் ஏற்றுகிறார். கடைசியில் கொடுப்பது நாம்தான், பணமாக இல்லாவிட்டால் நேரமாக. இருபத்தொரு வயசுக்காரனுக்கு அந்த எழுபத்தைந்து நிமிஷம் பெரிசில்லை. இன்னொரு தடவை போய்க்கொள்ளலாம். பெரியம்மாவுக்கு அப்படியில்லை.

மெர்ஸூகா மணல்மேடு, சினிமாக்காரர்களின் ஐத் பென்ஹத்து மண்கோட்டை, 2,260 மீட்டர் உயர திஸி ந்திஷ்கா கணவாய், மராக்கெஷில் ஜமா அல் ஃப்னா சதுக்கம்... எல்லாம் நன்றாகவே இருந்தது. வழியில் ஆர்கன் எண்ணெய்க் கடையும் வந்தது. அங்கே பெரியம்மா முட்டிக்கு ஒரு பாட்டில் வாங்கினார். கைடு சிரித்தார்.

பேக்கேஜில் போகிறவர்கள், முக்கியமாக வீட்டுப் பெரியவர்களை அனுப்புகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை கடை? கடைக்குள் வராதவர்கள் அந்த நேரத்தில் எங்கே இருக்கலாம்? கைடுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? கடையே இல்லாத டூர் என்றால் விலை கூடத்தான் செய்யும். கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் அடுத்த மாதம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக அந்த நோட்டைப் பையில் வைத்தாகிவிட்டது.