காசு கொடுத்து வாங்கிய மண்

கொக்கிலமேட்டில் எங்கள் வீட்டுக்கு யாரும் பூனை கொண்டுவந்ததில்லை. அதுவாக வரும். ஐப்பசி மழையில், திண்ணையோரம் குவித்து வைத்த வலைக்குள் குட்டி போட்டிருக்கும். விடியற்காலையில் அப்பா வலையில் கை வைத்தால் கண் திறக்காத நான்கு உருண்டைகள் கத்தும். அன்றைக்கு அந்த வலை கடலுக்குப் போகாது. சித்தப்பா வீட்டில் இரவல் வலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பூனைக்காக எங்கள் வீடு செய்த ஏற்பாடு அது ஒன்றுதான்.

லண்டனுக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். சின்ன வெங்காயம், முருங்கைக்காய், வாழையிலை எல்லாம் நடக்கிற தூரத்தில் கிடைக்கும் ஊர். போன வருஷம் என் மகள் பூனை வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஒற்றைக்கால் என்றதும் எனக்கு மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுதான் கண்ணில் வரும். மேலே ஒற்றைக்காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்கிறவர். கீழே, பெரிய யானைக்கு அருகே, அவரைப் போலவே முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் பூனை. அதைச் சுற்றி எலிகள். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் துரியோதனன் உலூகனிடம் சொல்லி அனுப்பும் பொய்த்தவப் பூனையின் கதை அது என்பார்கள். எலிகள் நம்பி அருகில் வரும், பூனை ஒவ்வொன்றாகத் தின்றுவிடும். அப்பா என்னைத் தோளில் தூக்கி அந்தப் பூனையைத்தான் முதலில் காட்டுவார். அதைச் செதுக்கியவர் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி. எங்கள் கரையில் மீன் உலரும் இடத்தில் உட்கார்ந்து பூனைகளை நாள்கணக்காகப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பார்க்காமல் அந்த நிமிர்வை யாரும் செதுக்க முடியாது.

இங்கிலாந்தில் ஆதரவற்ற பூனைகளை வளர்த்துக் கொடுக்கும் காப்பகங்கள் நிறைய உண்டு. பூனைகளுக்கென்றே 1927இல் தொடங்கிய ஓர் அமைப்பு இன்றும் நாடு முழுக்க இயங்குகிறது. நாங்கள் போனது ஒரு சிறிய காப்பகம். படிவத்தில் நான்கு பக்கம் கேள்விகள். வீட்டில் யார் எத்தனை மணி நேரம் இருப்பார்கள், தோட்டம் உண்டா, சாலை எவ்வளவு தூரம், வீட்டு உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறாரா? பிறகு ஒரு பெண்மணி வீட்டைப் பார்க்க வந்தார்.

கூடத்து மேசையில் பூங்கொத்து இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் என் பிறந்தநாளுக்குக் கொடுத்த லில்லி. அவர் உட்காரக்கூட இல்லை. "முதலில் இதை வீட்டைவிட்டு எடுங்கள்" என்றார். லில்லியின் இலை, பூ, மகரந்தம் எதுவானாலும் பூனைக்கு நஞ்சாம். மகரந்தம் முடியில் ஒட்டி, அதைப் பூனை நக்கினாலே போதும், இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். "இரண்டு வாரம் கழித்து வருகிறேன், அதற்குள் தயார் செய்யுங்கள்" என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. பூனையோடு பிறந்து வளர்ந்தவள் நான். என் வீடு பூனைக்கு ஆபத்தான வீடு என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். சொன்னது உண்மையாகவும் இருக்கிறது.

பட்டியலில் முதலில் இருந்தது தனி அறை. புதிதாக வரும் பூனையை வீடு முழுக்க விடக்கூடாது. ஓர் அறையில் அதன் சாப்பாடு, தண்ணீர், மண் தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி எல்லாம் வைத்து, அந்த வாசனை பழகும்வரை அங்கேயே இருக்கவிட வேண்டும். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"பூனைக்கு ரூம் ஒதுக்குறியா? நீ போன புதுசுல உனக்கு யாருடி ஒதுக்குனாங்க?"

அம்மா வருத்தத்தில் கேட்டாள். வந்த முதல் வருஷம் ஒரே அறையில் ஐந்து பெண்கள் இருந்தோம். என் பெட்டி படிக்கட்டுக்குக் கீழே கிடந்தது. குளிரில் எந்த உடுப்பு எதற்கு மேல் போடுவது என்று சொல்லித்தரக்கூட ஆளில்லை. யாராவது பத்து நாள் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவிட்டிருந்தால் அந்த வருஷம் வேறு மாதிரி போயிருக்கும். அதனாலேயே அந்த அறையை நான் கவனமாகத் தயார் செய்தேன்.

அடுத்தது மண். இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொக்கிலமேட்டில் மண்ணில்தான் தூங்கினோம், மண்ணில்தான் மீன் உலர்த்தினோம், தலைமுடியிலும் சோற்றிலும் மண் இருந்தது. பூனைகள் கரையில் எங்கு வேண்டுமானாலும் தோண்டி, இருந்துவிட்டு, மூடிவிட்டுப் போகும். இங்கே பத்துக் கிலோ மண் மூட்டையைக் காசு கொடுத்து வாங்கி, இரண்டு மாடி தூக்கி ஏறினேன். மூட்டையின் மேல் பூனைப் படம். பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்தேன். சாம்பல் நிறக் களிமண் குருணை. ஈரம் பட்டால் கட்டியாகிவிடும், கட்டியை மட்டும் கரண்டியால் எடுத்துப் போட்டால் போதும். அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவர் 1947இல் பூனைத் தட்டுக்குக் களிமண் விற்கும் வியாபாரத்தைத் தொடங்கினார். அதற்கு முன் வீட்டுக்குள் பூனை வளர்த்தவர்கள் மணலையும் அடுப்புச் சாம்பலையும்தான் தட்டில் கொட்டி வைத்திருந்தார்கள். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்து ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. உலகத்தின் எந்த மாடியில் வளர்ந்தாலும் அதன் கால் மண்ணைத்தான் தேடும். ஒரு பூனை என்றால் இரண்டு தட்டு வைப்பது நல்லது. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. தண்ணீரைக்கூட சாப்பாட்டிலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும்.

பிறாண்டுவதற்கு ஒரு கம்பம் வேண்டும். முழு உடம்பையும் நீட்டிப் பிறாண்டும் உயரம், ஆடாத அடி, கற்றாழை நார்க் கயிறு சுற்றியது. எங்கள் ஊரில் தென்னை மரமும் கரையேற்றிய கட்டுமரமும் அந்த வேலையைச் செய்தன. பூனையைத் தூக்கிவரக் கூடை. அதை முன்கூட்டியே வாங்கி, கதவைத் திறந்து, உள்ளே பழைய துணி போட்டு வைத்துவிட வேண்டும். டாக்டரிடம் போகும்போது மட்டும் வெளியே எடுத்தால், கூடையைக் கண்டாலே பூனை கட்டிலுக்கடியில் ஓடிவிடும்.

சாப்பாட்டில்தான் நான் அதிகம் தவறாக நினைத்திருந்தேன். பால் வார்த்தால் பூனை வளரும் என்பது நம் மனதில் ஊறியது. கம்பரே தம் இராமாயணத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டார். ஆனால் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்குதான் வரும். தயிர்சோறு போட்டு வளர்த்தாலும் போதாது. பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். கரைவலை இழுத்து முடிந்ததும் அம்மா எறியும் நெத்திலியும் காரப்பொடியும் எங்கள் பூனைகளின் கண்ணைக் காத்திருக்கின்றன என்று இப்போது புரிகிறது. புயல் சின்னம் வந்து வாரக்கணக்கில் யாரும் கடலுக்குப் போகாத நாட்களில் அவை எலும்பும் தோலுமாகத் திரிந்ததும் நினைவிருக்கிறது.

ஊரில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் எழுதவில்லை. எட்டு வயதில் ஒரு பூனை என் கையைக் கடித்துவிட்டது. அம்மா என்னைத் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். தொப்புளைச் சுற்றி ஊசி. பல நாள் போய்வந்தோம். ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு மீன் விற்கும் வருமானம் போயிற்று. அந்தப் பழைய வகைத் தடுப்பூசியை 2004இல் இந்தியா கைவிட்டது, இப்போது கையில்தான் போடுகிறார்கள். எங்கள் பூனைகள் ஒன்றுக்குக்கூட வெறிநோய்த் தடுப்பூசி போட்டதில்லை. கருத்தடை என்ற பேச்சே இல்லை. வருஷத்துக்கு இரண்டு ஈற்று, அதில் பாதிக் குட்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டுப் போகும். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், பூனைக்கு இருபது வாரம் ஆவதற்குள் மைக்ரோசிப் பொருத்திப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அரிசி மணி அளவு சில்லு, தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில். மீறினால் 500 பவுண்டு வரை அபராதம். இது நல்ல சட்டம். காணாமல்போன பூனைக்கு வீடு எது என்று சொல்ல ஒன்று இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்மணி மறுபடி வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தார், சரி என்றார். வந்தது முழுக் கறுப்பு. அம்மாவுக்குச் சொல்லத் தயங்கினேன், கறுப்புப் பூனை குறுக்கே வந்தால் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவள். இந்த நாட்டில் கறுப்புப் பூனை அதிர்ஷ்டம் என்று நம்புகிறவர்கள் நிறைய உண்டு என்று சொன்னதும், "அந்த ஊர்ப் பூனைக்கு அந்த ஊர் சகுனம்தானே" என்று ஒத்துக்கொண்டாள். மையி என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

ஒன்பது நாள் மையி பெட்டிக்குள்ளேயே இருந்தது. இரவில் மண்ணைக் கிளறும் சத்தம் மட்டும் கேட்கும். பத்தாவது நாள் நான் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வெளியே வந்து, முழங்காலை முகர்ந்துவிட்டு, ஜன்னலோரம் போய்ப் படுத்துக்கொண்டது.

வெளிநாட்டில் பூனை எடுக்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. காப்பகத்தார் தரும் பட்டியலில் நம் வீட்டுப் பொருள்கள் எல்லாம் இருக்காது. சாமி அலமாரியில் கற்பூரம், புடவைக்குள் அந்துருண்டை, சளிக்கு நீலகிரித் தைலம், சமையலறைக் கூடையில் வெங்காயம், பூண்டு எல்லாமே பூனைக்கு நஞ்சு. ஊரிலிருந்து கட்டிக்கொண்டுவரும் மருந்துப் பையில் பாராசிட்டமால் இருக்கும். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். கூடை வாங்குவதற்கு முன் இவற்றை மூடிபோட்ட டப்பாவில் அடைத்து, கதவுள்ள அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.