பட்டணத்துல காசில்லாம பார்த்த திருவிழா

மாடு கன்னு வச்சிருக்கிறவன் ஊரை விட்டு ஒரு வாரம் நகர முடியாது. ஆனா 2022 டிசம்பர் கடைசியில சென்னைக்குப் போனவன், 2023 பொங்கல் முடிஞ்சுதான் திரும்பினேன். மகளுக்கு ரெண்டாவது பிரசவம். பெரம்பூர்ல வீடு. தாயையும் பிள்ளையையும் பார்த்துக்க எங்க வீட்டம்மா இருக்கா. மூத்த பேரன், ஆறு வயசு, அவனைப் பார்த்துக்கிறது என் வேலைன்னு ஆயிடுச்சு. மாட்டைத் தம்பி பார்த்துக்கிட்டான்.

பேரன் நல்ல பையன்தான். ஆனா அரையாண்டு லீவு, வீட்டுல பச்சைக் குழந்தை, சத்தம் போடக் கூடாதுன்னு எல்லாரும் அதட்டுறாங்க. அவன் எங்கே போவான்? நாள் பூரா செல்போன். மாப்பிள்ளை பாவம், சனிக்கிழமை எங்க ரெண்டு பேரையும் ஒரு பெரிய மாலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். சினிமா, பொரி மாதிரி ஒரு டப்பா சோளம், காசு போட்டு ஆடுற விளையாட்டு, சாப்பாடு. திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன். ரெண்டாயிரத்து இருநூறு. எங்க ஊர் வியாபாரி போடுற விலைக்கு ஒன்றரை மூட்டை நெல்லு. அவர் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் தொண்டையில முள்ளு மாட்டின மாதிரி இருந்துச்சு.

மறுநாள், "மாப்ளே, இனிமே இவனை நான் வெளியே கூட்டிக்கிட்டுப் போறேன், நீங்க கவலைப்படாதீங்க"ன்னு சொன்னேன். "மாமா, இந்த ஊர்ல காலை வெளியே வச்சாலே காசுதான்"னு சிரிச்சார். என் கையில அப்ப ஐநூறு ரூபாய் இருந்துச்சு. அதுக்குள்ள எத்தனை நாள் ஓட்ட முடியும்னு பார்த்துடலாம்னு இறங்கினேன்.

பெரம்பூர்லேருந்து பெசன்ட் நகருக்கு 29சி பஸ் போகும். புறப்படுற இடத்துலயே ஏறினா ஜன்னல் சீட்டு கிடைக்கும். மயிலாப்பூர்ல இறங்கிக் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். எங்க ஊர்ல ஒரு சேதி தெரியணும்னா டீக்கடையில கேட்போம். இங்கே யாரைக் கேட்கிறது? கோயில் வாசல்ல பூ கட்டிக்கிட்டிருந்த ஒரு அம்மாகிட்ட ஒரு முழம் வாங்கிக்கிட்டு, "பிள்ளைக்குக் காட்டுற மாதிரி இங்கே என்ன நடக்குதும்மா?"ன்னு கேட்டேன். அந்தம்மா ஒரு வருஷத்துக் கணக்கையே சொல்லிடுச்சு. இப்ப மார்கழிக் கச்சேரி. ஜனவரி முதல் வாரத்துல இதே மாட வீதியில மயிலாப்பூர் திருவிழா. பங்குனியில அறுபத்துமூவர், அன்னைக்குத் தெருவுக்குத் தெரு மோரும் சாப்பாடும் கொடுப்பாங்க, ஒருத்தரும் காசு கேட்க மாட்டாங்க. ஆகஸ்ட் 29-ல பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில்ல கொடி ஏறும், செப்டம்பர் 8 வரைக்கும் ஜே ஜேன்னு இருக்கும்.

இதெல்லாம் அந்த ஊர்ல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா என் மாப்பிள்ளைக்குத் தெரியல. பத்து வருஷமா சென்னையில இருக்கார். மாலுக்கு விளம்பரம் செல்போன்ல வீட்டுக்குள்ளயே வந்துடுது. கோயில் உற்சவத்துக்கு நோட்டீஸ் மதில் சுவர்லதான் ஒட்டியிருக்கு. வண்டியில போறவர் அதை எப்படிப் படிப்பார்?

அந்தம்மா சொன்ன மாதிரி ஒரு சபாவுக்குப் போய் வெளியே தயங்கி நின்னேன். வேட்டி, தோள்ல துண்டு, கையில சின்னப் பையன். காவலுக்கு இருந்தவர், "உள்ள போங்க ஐயா, டிக்கெட்டெல்லாம் சாயந்திரக் கச்சேரிக்குத்தான். மதியத்துக்குக் கிடையாது"ன்னார். பல சபாக்கள்ல இப்படித்தானாம். வளர்ந்துக்கிட்டு வர்ற பிள்ளைங்க மதியத்துல பாடுவாங்க, யார் வேணா உட்கார்ந்து கேட்கலாம். ஒரு பொண்ணு பாடுச்சு. எனக்கு ராகம் தெரியாது. மிருதங்கத்தை மட்டும் பேரன் கண் கொட்டாம பார்த்தான். முக்கால் மணி நேரம் ஆடாம அசையாம இருந்தான். நல்லது நடக்கும்போதே எழுந்துடணும்னு, அவன் நெளிய ஆரம்பிச்சதும் கிளம்பிட்டோம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல இருந்ததால, எங்க வீட்டம்மாவையும் மயிலாப்பூர் திருவிழாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். சாதாரண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது, அதுல அவளுக்கு ஒரு சந்தோஷம். வடக்கு மாட வீதியில ரோட்டை அடைச்சுக் கோலப் போட்டி. நடு ரோட்டுல உட்கார்ந்து நூறு பேர் புள்ளி வைக்கிறாங்க. "நானும் போட்டிருப்பேனே"ன்னு ஊருக்கு வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா. அதுக்கப்புறம் ஒரு நாள் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல புத்தகக் காட்சி. நுழைவு பத்து ரூபாய். கையில புளிசாதம் கட்டிக்கிட்டுப் போனதால சாப்பாட்டுச் செலவு இல்ல. பேரனுக்குப் படம் போட்ட புத்தகம் ரெண்டு வாங்கினதுதான் செலவு. என் ஐநூறு ரூபாய் அதோட தீர்ந்துச்சு. பஸ்ஸையும் பூவையும் டீயையும் சேர்த்து, மூணு தடவை வெளியே போய் வந்த கணக்கு அது.

பொங்கலுக்கு அந்த வருஷம் அரசாங்கம் 'சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா'ன்னு நடத்துச்சு. 2007-ல ஆரம்பிச்சு, நடுவுல நின்னு போயி, 2023-ல திரும்பவும் வந்தது. பார்க், கடற்கரை, மைதானம்னு பல இடத்துல கரகம், பறை, ஒயில், கூத்து. எங்கேயும் டிக்கெட் இல்ல. இதே 29சி பிடிச்சுப் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம்.

கூத்துன்னு அறிவிச்சாங்க. முகவீணை சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. ரெண்டு பேர் திரையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. திரைக்குப் பின்னாடி கிரீடத்தோட நுனி மட்டும் ஆடுது. பேரன் என் தோள் மேல ஏறிக்கிட்டான். கட்டியங்காரன் என்னென்னமோ கேலி பேசுறான், பட்டணத்து ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது. திரை விலகித் துரியோதனன் சுழன்று சுழன்று வெளியே வந்தான் பாருங்க, பேரன் என் தலைமுடியைப் பிடிச்சுக்கிட்டான். "தாத்தா, இது உங்க ஊர்ல இருக்கா?"ன்னு கேட்டான்.

"இருக்கு"ன்னேன்.

அது பொய்.

எங்க ஊர் செய்யாறு பக்கம். திரௌபதியம்மன் கோயில்ல பத்து ராத்திரி பாரதக் கூத்து நடக்கும். பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில மண்ணுல படுத்த துரியோதனனைப் போட்டுப் படுகளம், சாயந்திரம் தீமிதி. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது அர்ச்சுனன் தபசு மரம் ஏறுறதைப் பார்க்கப் பாயை எடுத்துக்கிட்டு முதல் ஆளாப் போவேன். இதுக்கெல்லாம் தலைக்கட்டு வரி போட்டுத்தான் ஊர் செலவு பண்ணும். ஆறு வருஷம் முன்னாடி கூட்டத்துல, "கூத்தை இப்ப எவன் பார்க்கிறான்? ஒரு ராத்திரி பாட்டுக் கச்சேரி வச்சுட்டா வரி பாதியாயிடும்"னு ஒரு பேச்சு வந்துச்சு. சரின்னு கை தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். அந்த வருஷம் மல்லாட்டை பொய்த்துப் போயிருந்தது. ஐநூறு ரூபாய் மிச்சம்னுதான் எனக்குத் தோணுச்சு.

ஆட்டம் முடிஞ்சதும் பின்னாடி போனேன். வாத்தியார் எங்க பக்கத்து ஊர்க்காரர்தான். என்னை அடையாளம் கண்டுக்கிட்டு, "வாங்கண்ணே"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். அரிதாரம் என் கையிலயும் ஒட்டிக்கிச்சு. "அரை மணி நேரம் கொடுத்தாங்கண்ணே. வேஷம் போடவே அதைவிட அதிக நேரம் ஆகுது. ஆனா மரியாதையா நடத்துறாங்க, சம்பளம் ஒழுங்கா வருது. வருஷத்துக்கு ரெண்டு மூணு நாள் இங்கே. மத்த நாள் சோத்துக்கு உங்களை மாதிரி ஊருங்கதான். அதுல இப்ப பாதி ஊர் நின்னு போச்சு"ன்னார். உங்க ஊரும்தான்னு அவர் சொல்லல. சொல்லியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

திரும்பி வரும்போது பஸ்ல பேரன், "லீவுக்கு நான் ஊருக்கு வர்றேன், முழுசா காட்டு"ன்னான். சரின்னு தலையாட்டினேன். வேற என்ன செய்ய?

ஊருக்கு வந்து பங்குனிக் கூட்டத்துல எழுந்து நின்னேன். நான்தான் அன்னைக்கு வேண்டாம்னேன், இன்னைக்கு நான்தான் கேட்கிறேன், என் பங்குக்கு ரெண்டு வரி தர்றேன்னேன். சில பேர் சிரிச்சாங்க. பட்டணத்துக்குப் போய் வந்ததுல புத்தி மாறிடுச்சான்னு ஒரு பங்காளி கேட்டான். ரொம்ப நேரம் பேச்சு. பத்து ராத்திரிக்குப் பணம் இல்ல. மூணு ராத்திரிக்கு ஒத்துக்கிட்டாங்க. பாட்டுக் கச்சேரியும் நிக்கல, அதுவும் இருந்துச்சு.

மே மாசம் பேரன் வந்தான். பாயை விரிச்சு முன் வரிசையில உட்கார வச்சேன். மணி பன்னெண்டுக்குத் தூங்கிட்டான். துரியோதனன் வர்றப்ப எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கிட்டே பார்த்துட்டு, "இவர் பீச்சுல ஆடினவர்தானே?"ன்னு கேட்டான். அவரேதான்னு சொன்னேன். இந்தத் தடவை பொய் சொல்ல வேண்டியிருக்கல.

சென்னையில இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போகக் காசு பெருசா வேண்டாம். பஸ்ஸுல ஏறி இறங்கிச் சுவத்துல ஒட்டினதைப் படிங்க, பேப்பர்ல 'இன்றைய நிகழ்ச்சிகள்'னு ஒரு மூலையில போடுறதைப் பாருங்க, கோயில் வாசல்ல பூக்காரம்மாவைக் கேளுங்க. அப்படிப் போற இடத்துல கூத்து நடந்தா, முடிஞ்சதும் பின்னாடி போய் எந்த ஊர்னு ஒரு வார்த்தை விசாரிங்க. உங்க சொந்த ஊர்ல திருவிழா வரின்னு போன் வந்தா, எதுக்குன்னு கேட்டுட்டு, கூத்துக்குன்னா கொஞ்சம் சேர்த்தே அனுப்புங்க.