மேரி கட்டடமும் மெக்கானோப் பெட்டியும்

புதுச்சேரி

அன்புமிக்க நண்பருக்கு,

புதுவையிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூக் கொடிகளையும் பற்றி ஏராளமாக எழுதிவிட்டபடியால், அந்தப் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டு, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வீதி ஒன்றில், திண்ணையை அடுத்த சிறிய அறையில் நான் கண்ட ஒரு விசித்திரமான தொழிலைப் பற்றித் தங்களுக்குச் சொல்லலாமென்று உத்தேசிக்கிறேன். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டி உருவங்கள் செய்யும் மெக்கானோ என்னும் விளையாட்டின் பழைய பெட்டிகளை வாங்கி, துரு போக்கி, காணாமற்போன உறுப்புகளைத் தேடிச் சேர்த்து, கடல்கடந்த தேசங்களிலுள்ள சேகரிப்பாளர்களுக்கு விற்று வருகிறார். பிரெஞ்சு ராணுவத்தில் சேவித்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ‘சொல்தா’ ஒருவரின் டிரங்குப் பெட்டியில்தான் முதல் மெக்கானோ அவருக்கு அகப்பட்டதாம்.

இறைச்சி இறக்குமதி வியாபாரி ஒருவரிடம் லிவர்ப்பூலில் குமாஸ்தாவாக இருந்த ஃபிராங்க் ஹார்ன்பி, தம் புதல்வர்களுக்குப் பாரந்தூக்கி பொம்மை ஒன்று செய்து கொடுக்கப் போய், சம இடைவெளியில் துளையிட்ட ஒரே பட்டையை எத்தனையோ உருவங்களுக்கு உபயோகிக்கலாமே என்று கண்டு, 1901-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்ற நாமகரணம் 1907-இல் நடந்தது. பாரிஸை அடுத்த பொபிஞியிலும், பின்னர் 1959 முதல் கலே நகரிலும் பிரெஞ்சுத் தொழிற்சாலைகள் இயங்கின. லிவர்ப்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. குழந்தை விளையாட்டென்று இதை அலட்சியம் செய்வதற்கில்லை: 1934-இல் மான்செஸ்டரில் ஹார்ட்ரீ என்னும் பேராசிரியர், வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரமொன்றின் மாதிரியைப் பெரும்பாலும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டே தம் மாணவரோடு சேர்ந்து நிர்மாணித்தார்.

இவ்வூரில் பெரியவரின் தொழிலுக்குப் பரம சத்துரு உப்புக்காற்று. ஆதிகாலத்துப் பட்டைகளுக்கு நிக்கல் முலாம் பூசியிருக்கிறார்கள். முலாம் முழுமையாக இருக்கும்வரை இரும்புக்குச் சேதமில்லை. ஆனால் ஓரிடத்தில் கீறல் விழுந்துவிட்டால், நிக்கல் இரும்பைக் காப்பாற்றுவதற்குப் பதிலாக, ஈரம் பட்ட அவ்விடத்தில் அது அரிக்கப்படுவதைத் துரிதப்படுத்தி, முலாமின் அடியிலேயே துரு பரவும்படி செய்துவிடுகிறது. ஆகையால் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது இவருடைய அறையில் மகாபாதகம். இறுகிப்போன சதுர நட்டுகளை மண்ணெண்ணெயில் இரா முழுவதும் ஊறவைக்கிறார். முலாமற்ற அச்சுக்கம்பிகளைச் சலவைச் சோடா கரைத்த நீரிலிட்டு, சிறிதளவு மின்சாரம் செலுத்தித் துருவைக் களைகிறார். வண்ணம் பூசிய உறுப்புகளுக்குச் சோப்பு நீரும் மெல்லிய துணியும் மட்டுமே. வளைந்த பட்டையைச் சுத்தியலால் அடித்தால் உலோகம் நீண்டு, அரை அங்குலத்துக்கொன்றாக அமைந்த துளைகள் இடம் பெயர்ந்துவிடுமாதலால், இரண்டு தேக்குக் கட்டைகளுக்கிடையே வைத்துப் பொறுமையாக அழுத்தி நிமிர்த்துகிறார்.

திருகாணி விஷயத்தில்தான் பஞ்சாலை அநுபவம் அவருக்குக் கைகொடுக்கிறது. மெக்கானோவின் ஆணி 5/32 அங்குல விட்வொர்த் மரை. கடைத்தெருவில் கிடைக்கும் நான்கு மில்லிமீட்டர் ஆணியோ பார்வைக்கு அதன் உடன்பிறப்பைப் போலவே இருக்கும். விட்டத்தில் வித்தியாசம் அற்பமேயானாலும் மரையின் இடைவெளி வேறாகையால், பலவந்தமாகத் திருகினால் பித்தளைப் பற்சக்கரத்தின் நடுக்குமிழிலுள்ள மரை பாழாகிவிடும். முந்தைய சொந்தக்காரர்கள் அவ்விதம் பாழாக்கிய சக்கரங்களை அவர் ஒரு பாட்டிலில் தனியே போட்டு வைத்திருக்கிறார். அதைக் காட்டும்போது அவர் முகத்தில் தோன்றிய கோபம், பொம்மையைப் பற்றியதென்று யாரும் நம்பமாட்டார்கள்.

இனி, வர்ணத்தைப் பற்றிய விவகாரம். லிவர்ப்பூலில் 1926-இல் சிவப்பும் பச்சையும் புகுந்தன. 1934-இல் நீலமும் பொன்னிறமும் வந்தன. 1964-இல் மஞ்சளும் கறுப்பும். ஒரு காலத்துப் பெட்டியில் வேறு காலத்து உறுப்பு கலந்திருந்தால் விஷயமறிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பெட்டி பூர்த்தியாக இருந்தால் விலை அதிகம்; ஆகவே புதிதாக வண்ணம் தீட்டி, அதை வேண்டுமென்றே மங்கச் செய்து, பழையதென்று விற்கும் சாமர்த்தியசாலிகளும் இவ்வியாபாரத்தில் உண்டாம். அட்டையில் நூலால் கட்டியபடியே, ஒரு குழந்தையின் விரலும் படாமல் கிடந்த பெட்டிக்கே உச்சவிலை என்பதும் எனக்குச் சற்று விபரீதமாகத்தான் படுகிறது.

நம் பெரியவரின் வழக்கம் வேறு. வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துபோன பட்டைக்கு மாத்திரமே மறுபூச்சு. அதன் அடிப்புறத்தில் ஒரு சிறு புள்ளி அடையாளம். மாற்றிய உறுப்புகளின் ஜாபிதா மூடியின் உட்புறத்தில். அந்த ஜாபிதாவைக் கண்டு விலையைக் குறைத்துக் கேட்கிறவர்களே அதிகம் என்றார்.

“மேரி கட்டடத்தைப் பார்த்தீர்களா?” என்று அவர் வினவினார். கடற்கரைச் சாலையிலிருந்த மேரி என்னும் அந்தப் பழைய நகரமன்றம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததும், அதே தோற்றத்தில் மீண்டும் எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டதும் தாங்கள் அறிந்ததே. பழையது விழுந்ததை ஊரே அறியுமாகையால் புதியதை யாரும் பழையதென்று நினைத்து ஏமாறுவதில்லை. பெட்டியைத் திறப்பவனுக்கு அந்த அறிவு எங்கிருந்து வரும் என்பது அவர் கட்சி. அன்று மாலை அக்கட்டடத்தின் எதிரே நின்றபோது, அதன் தூண்கள் எனக்கு அழகாகவே தோன்றின. ஆயினும் சுவரில் எங்கேனும் அவ்விரண்டு வருஷங்களும் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டுமென்றும் தோன்றிற்று. பெரியவரின் கட்சியில் நானும் சேர்ந்துவிட்டேன் போலும்.

தங்கள் பரணில் சிற்றப்பாவின் மெக்கானோப் பெட்டியொன்று இருப்பதாக முன்பு சொன்ன ஞாபகம். எலிகள் மிச்சம் வைத்திருந்தால், அதை மெருகேற்ற முயலாமல், எண்ணெயும் தடவாமல், கிழிந்த கையேட்டையும் பிசுபிசுத்த அட்டைகளையும் குப்பையென்று கழித்துவிடாமல், இருக்கிறபடியே ஒரு புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். ஐம்பது பற்களுள்ள பித்தளைச் சக்கரம் ஒன்று இருந்தால் பெரியவர் உடனே விலை பேசுவார். விற்பதா என்பது தங்கள் இஷ்டம்.

தங்கள் அன்புள்ள நண்பன்